மும்பைத் துறைமுகத்தில் நிற்பது எந்தக் கடற்படைக் கப்பல்? புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து மும்பைக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போய், தாஜ் ஹோட்டல் முன்னால் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கடல் பக்கம் திரும்பினால் தூரத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் "நேவி ஷிப்" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தாராவியிலோ மாட்டுங்காவிலோ முப்பது வருஷமாக இருக்கிற நம் ஆட்களிலும் பலருக்கு அவ்வளவுதான் தெரியும், இந்த நகரத்திலேயே அந்தக் கப்பல்களில் பாதி கட்டப்படுகிறது என்றாலும்.

ஆர்வம் வந்தவர்கள் எல்லோரும் செய்கிற முதல் வேலை, இணையத்தில் இந்தியக் கடற்படையின் முழுப் பட்டியலைத் தேடி எடுத்து மனப்பாடம் செய்யப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள், அதில் பாதி சமஸ்கிருதம், கால்வாசி ஊர்ப் பெயர், ஒரு வாரத்தில் எல்லாம் குழம்பிப்போகும். கண்ணால் பார்த்து வகை பிரிக்கப் பழகினால் பட்டியல் தானாக மனதில் உட்காரும். எந்த வரிசையில் பழகலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் செய்யக்கூடாதது

இதைக் கடைசியில் சொன்னால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் முதலிலேயே சொல்கிறேன். கேட்வேக்கு வடக்கே, லயன் கேட் தொடங்கி நீள்கிற கடற்படைத் தளம் தடைசெய்யப்பட்ட பகுதி. வாசலையோ சுவரையோ உள்ளே நிற்கும் கப்பலையோ படம் எடுத்தால் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வரைக்கும் போகலாம். டிரோன் பற்றிப் பேசவே வேண்டாம். பொதுப் படகில் போகும்போது கண்ணால் பார்ப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை, பைனாகுலரும் பெரும்பாலும் பிரச்சினையில்லை, ஆனால் காவலுக்கு நிற்பவரோ படகுக்காரரோ கீழே வை என்றால் வாதாடாமல் வைத்துவிடுங்கள். எந்தக் கப்பல் எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று தேதி நேரத்தோடு சமூக ஊடகத்தில் போடுவது ரொம்ப மோசமான பழக்கம். பொழுதுபோக்குக்காகச் செய்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும். கடற்படையில் வேலை செய்யும் உறவினரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ நச்சரிப்பதும் அப்படித்தான், அவருக்குத்தான் சிக்கல். நான் இங்கே சொல்வது எல்லாம் அரசே வெளியிட்ட தகவல், அதற்கே ஒரு ஆயுள் போதாது.

அது கடற்படைக் கப்பல்தானா?

மும்பைத் துறைமுகத்தில் மிதப்பதெல்லாம் போர்க்கப்பல் இல்லை. வெள்ளை உடம்பில் ஆரஞ்சும் நீலமுமாகச் சாய்வாகப் பட்டை போட்டிருந்தால் அது கடலோரக் காவல்படை, அவர்கள் தனிப் படை, கப்பல் பெயருக்கு முன்னால் ஐசிஜிஎஸ் என்று வரும். முழு வெள்ளையில் இருந்தும் அது கடற்படையுடையது என்றால் பெரும்பாலும் கடலடி அளவிடும் சர்வே கப்பல். பளிச்சென்ற நிறங்களில் மேடு பள்ளமாக நிற்பவை எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு கொண்டுபோகிறவை. வெளிர் சாம்பல் உடம்பு, பக்கவாட்டில் வெள்ளையில் பெரிய எண், பின்னால் கொடி, இந்த மூன்றும் இருந்தால் மேலே படியுங்கள்.

கொடியையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 2 முதல் கொடி புதிது. பழையதில் இருந்த சிவப்புச் சிலுவை போய், ஒரு மூலையில் தேசியக் கொடியும் பறக்கும் பக்கத்தில் எண்கோண வடிவில் கருநீலச் சின்னமும் வந்தது. சத்ரபதி சிவாஜியின் முத்திரையை ஒட்டி வரைந்தது என்றார்கள். ஆகவே ஒரு படத்தில் கப்பலின் கொடியில் சிவப்புச் சிலுவை இருந்தால் அது 2022க்கு முந்தைய படம். பழைய படத்தைப் போட்டு "இன்று மும்பையில்" என்று எழுதுகிறவர்களைப் பிடிக்க இது நல்ல வழி.

இன்னொரு குழப்பம் ஐஎன்எஸ் என்ற முன்னொட்டு. ஐஎன்எஸ் என்றால் கப்பல் என்று நினைத்துக்கொண்டு மாலாடில் ஐஎன்எஸ் ஹம்லாவைத் தேடிப்போனால் சுற்றுச்சுவர்தான் தெரியும். பிரிட்டிஷ் கடற்படை வழக்கப்படி மாலுமி என்றால் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும், அதனால் தரையில் இருக்கிற தளங்களையும் கப்பல் போலவே பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள், அது இன்னும் தொடர்கிறது. கொலாபாவில் ஹெலிகாப்டர் தளமான ஷிக்ரா, ஃபோர்ட் பக்கம் ஆங்ரே எல்லாம் அப்படித்தான். நம் ஊரிலேயே அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, திருநெல்வேலி மாவட்டத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கின்றன. எதுவும் மிதக்காது.

எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து

கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருப்பது எண் மட்டும்தான், ஆனால் பட்டியல்களில் அதன் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்துதான் வகை. ஆர் என்றால் விமானந்தாங்கி, டி (D) என்றால் டெஸ்ட்ராயர், எஃப் என்றால் ஃபிரிகேட், எஸ் நீர்மூழ்கி, எல் என்றால் படைகளையும் வண்டிகளையும் கரையிறக்கும் கப்பல், ஏ என்றால் எண்ணெய்க் கப்பல், பயிற்சிக் கப்பல் போன்ற துணைக் கப்பல்கள், ஜே சர்வே, கே ஏவுகணைப் படகு, ட்டீ (T), அதாவது டைகரில் வரும் எழுத்து, வேகமான சின்ன ரோந்துப் படகு. பி மட்டும் தொல்லை, கார்வெட்டுக்கும் பி, ஆழ்கடல் ரோந்துக் கப்பலுக்கும் பி. ஆயுதம் குறைவாக, முன்னால் ஒரு துப்பாக்கி, பின்னால் பெரிய ஹெலிகாப்டர் தளம், நடுவில் காலி என்றால் ரோந்துக் கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் குடியரசுத் தலைவர் கடற்படை அணிவகுப்பைப் பார்வையிடப் போனாரே, ஐஎன்எஸ் சுமித்ரா, அது அந்த வகை.

டெஸ்ட்ராயர், ஃபிரிகேட், கார்வெட் மூன்றையும் நம் செய்தித்தாள்கள் போர்க்கப்பல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம்: புதிய டெஸ்ட்ராயர் 163 மீட்டர், ஏழாயிரம் டன்னுக்கு மேல், விமானத்தைச் சுடும், கப்பலைச் சுடும், நீர்மூழ்கியையும் தேடும். ஃபிரிகேட் 125 முதல் 149 மீட்டர் வரை, அதே வேலைகளைக் கொஞ்சம் குறைந்த அளவில் செய்யும். கார்வெட் அதற்கும் சின்னது, ஒரு வேலைக்கென்றே கட்டப்பட்டிருக்கும். ஆனால் எல்லைக்கோடு வருஷா வருஷம் அழிகிறது. இன்றைய நீலகிரி ஃபிரிகேட் 6,670 டன், 1997இல் வந்த டெஸ்ட்ராயர் டெல்லியை நெருங்கிவிட்டது. இதில் சண்டை போடுகிறவர்களோடு சேராதீர்கள், கடற்படை எப்படி அழைக்கிறதோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரிலேயே குடும்பம் தெரியும்

ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களை ஒரு வகுப்பு என்பார்கள், முதல் கப்பலின் பெயர்தான் வகுப்புக்கும். கடற்படை பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு, அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தல்வார், திரிசூல், தபர், தேக், தர்காஷ், திரிகண்ட், அப்புறம் புதிதாக வந்த துஷில், தமால். எல்லாம் த, ஒரே ஃபிரிகேட் குடும்பம், ரஷ்ய வரைபடம். கமோர்ட்டா, கட்மத், கில்டன், கவரத்தி நான்கும் அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவுத் தீவுகள், நீர்மூழ்கி வேட்டைக் கார்வெட்டுகள். கிரி என்று முடிந்தால் நீலகிரி வகுப்பு: நீலகிரி, உதயகிரி, ஹிம்கிரி, தாராகிரி, துனகிரி, விந்தியகிரி, மகேந்திரகிரி, மொத்தம் ஏழு. அதில் நான்கு இங்கே மஸகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில், மூன்று கொல்கத்தாவில். பிரம்மபுத்திரா, பேட்வா, பியாஸ் ஆறுகள், இவையும் ஃபிரிகேட். டெஸ்ட்ராயர்களுக்கு நகரங்கள்: டெல்லி, மைசூர், மும்பை ஒரு வகுப்பு, கொல்கத்தா, கொச்சி, சென்னை அடுத்தது, விசாகப்பட்டினம், மர்மகோவா, இம்பால், சூரத் அதற்கும் அடுத்தது. சிந்து என்று தொடங்கினால் ரஷ்ய நீர்மூழ்கி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கடற்படையில் பெயர்கள் சாவதில்லை. கப்பல் ஓய்வுபெற்றதும் சில வருஷம் கழித்து அதே பெயரில் இன்னொன்று வரும். 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்ற விக்ராந்த் வேறு, 2022இல் கொச்சியில் சேர்ந்த விக்ராந்த் வேறு. இரண்டுக்கும் ஒரே ஆர் 11 எண் என்பதால் புதியவர்கள் மொத்தமாகக் குழம்புவார்கள். நீலகிரியும் அப்படி, 1972இல் ஒன்று, 2025இல் ஒன்று. கல்வாரியும் அப்படி, 1967இல் ஒன்று, 2017இல் ஒன்று. எதைப் படித்தாலும் முதலில் வருஷத்தைப் பாருங்கள்.

எண் தெரியாத தூரத்தில்

இதுதான் உண்மையான கலை, இதற்குத்தான் நேரம் கொடுக்கவேண்டும். வெயிலும் தூசியும் கலந்த மும்பைக் காற்றில் இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் எண் படிக்க வராது. ஆகவே நிழலுருவத்தைப் பாருங்கள். நான் பார்க்கும் வரிசை: முதலில் மாஸ்ட், அடுத்து முன்பக்கத் தளம், அப்புறம் புகைபோக்கி, கடைசியில் பின்பக்கம்.

மாஸ்ட் என்பது நடுவில் உயர்ந்து நிற்கும் கோபுரம், ரேடார் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்தக் கோபுரத்தின் தலை கனமாக, நாலு பக்கமும் தட்டையான பலகை ஒட்டியது போல இருந்தால், அது இஸ்ரேலிய எம்எஃப்-ஸ்டார் ரேடார். சுழலாது, நாலு முகமும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது இருக்கிற கப்பல் புதிய தலைமுறை, அதாவது கொல்கத்தா வகுப்பு, விசாகப்பட்டினம் வகுப்பு, நீலகிரி வகுப்பு இவற்றில் ஒன்று. விக்ராந்திலும் அது உண்டு, ஆனால் விக்ராந்தைக் கண்டுபிடிக்க மாஸ்ட் பார்க்க வேண்டியதில்லை. தலையில் தட்டுகள் சுழன்றுகொண்டிருந்தால் பழைய தலைமுறை, அல்லது ரஷ்ய வரைபடம்.

அடுத்து முன்பக்கம். துப்பாக்கிக்குப் பின்னால், தளத்தின் மேல், ஒற்றைக் கையைத் தூக்கி நிற்பது போல ஓர் ஏவுதளம் தெரிந்தால் அது ரஷ்ய ஷ்டில் ஏவுகணைக்கானது. டெல்லி வகுப்பிலும், ஷிவாலிக் ஃபிரிகேட் வகுப்பிலும், தல்வாரின் முதல் ஆறு கப்பல்களிலும் அது இருக்கும். புதியவற்றில் இருக்காது, ஏவுகணை எல்லாம் தளத்துக்கு அடியில் கிணறுகளில் செங்குத்தாக இருக்கிறது, மேலே வெறும் மூடிகள்தான். துஷிலும் தமாலும் த குடும்பமாக இருந்தாலும் அந்தக் கை இல்லாததால் அண்ணன்மாரிலிருந்து தனியாகத் தெரியும்.

இந்த இரண்டை வைத்தே நிறையப் பிரிக்கலாம். பெரிய கப்பல், நாலு முகத் தலை, வழுவழுப்பான சாய்ந்த பக்கங்கள்: கொல்கத்தாவோ விசாகப்பட்டினமோ. 163 மீட்டர், 32 பராக்-8 விமான எதிர்ப்பு ஏவுகணை, 16 பிரம்மோஸ் ஏவுகணை. கொல்கத்தாவையும் விசாகப்பட்டினத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று தூரத்தில் பிரிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம், எண்ணைத்தான் பார்க்கவேண்டும்: 63, 64, 65 என்றால் கொல்கத்தா, கொச்சி, சென்னை, 66 முதல் 69 வரை விசாகப்பட்டினம் வகுப்பு. பெரிய கப்பல், ஆனால் மேலெல்லாம் ஆண்டெனாவும் கம்பியும் குழாயுமாக, பக்கவாட்டில் ஏவுகணைக் குழாய்கள் வெளியே தெரிந்தால் டெல்லி வகுப்பு. எனக்கு அதுதான் பிடிக்கும், போர்க்கப்பல் என்றால் மிரட்ட வேண்டாமா? புதியவை ரேடாரில் சின்னதாகத் தெரியவேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் உள்ளே மறைத்துவிட்டார்கள், புத்திசாலித்தனம்தான், ஆனால் பார்க்க இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது.

நாலு முகத் தலை, ஆனால் கொஞ்சம் சிறியது: நீலகிரி வகுப்பு. 149 மீட்டர், 8 பிரம்மோஸ். வழுவழுப்பு உடம்பு, ஆனால் முன்னால் ஒற்றைக் கை: ஷிவாலிக், சத்புரா, சஹ்யாத்ரி. 142 மீட்டர். அதைவிடக் குட்டையாக ஒற்றைக் கையோடு இருந்தால் தல்வார் குடும்பம்.

தமால் பற்றி ஒரு பக்கக் கதை. துஷில் 2024 டிசம்பரிலும் தமால் 2025 ஜூலையிலும் ரஷ்யாவின் காலினின்கிராடில் சேர்ந்தன. கப்பல் ரஷ்யா கட்டியது, உள்ளே இருக்கும் கேஸ் டர்பைன் எஞ்சின் உக்ரைனுடையது. இந்த இரண்டு நாடும் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். எஞ்சினை இந்தியா தனியாக வாங்கிக் கொடுத்துத்தான் வேலை நடந்தது. வெளிநாட்டில் கட்டிச் சேர்க்கும் கடைசிப் போர்க்கப்பல் தமால்தான் என்று அரசு சொன்னது. அதே வரைபடத்தில் இன்னும் இரண்டு கோவாவில் கட்டுகிறார்கள்.

நீர்மூழ்கி மேலே மிதக்கும்போது கறுப்பாக ஒரு கோடும் நடுவில் ஒரு துடுப்பும்தான் தெரியும். அந்தத் துடுப்பில் இரண்டு பக்கமும் சின்ன இறக்கை இருந்தால் கல்வாரி வகுப்பு, பிரெஞ்சு வரைபடத்தில் மஸகான் டாக்கில் கட்டியவை, ஆறு: கல்வாரி, கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்ஷீர். இறக்கை இல்லாமல் நீண்ட துடுப்பாக இருந்தால் சிந்து வகை. அணுசக்தியில் ஓடும் அரிஹந்த், அரிகாத் விசாகப்பட்டினம் பக்கம், மும்பையில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள்.

விமானந்தாங்கியைச் சுருக்கமாக முடிக்கிறேன், யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகாது. இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் முன்முனை மேல் நோக்கி வளைந்திருக்கும். ரஷ்யாவிடமிருந்து வாங்கிப் புதுப்பித்த விக்ரமாதித்யா 284 மீட்டர், நாமே கட்டிய விக்ராந்த் 262 மீட்டர். விக்ரமாதித்யாவின் வீடு கர்நாடகத்தின் கார்வார்.

யாரும் திரும்பிப் பார்க்காத கப்பல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஎன்எஸ் தீபக் என்று ஓர் எண்ணெய்க் கப்பல், 2011இல் இத்தாலியில் கட்டி வந்தது, 175 மீட்டர், 27,500 டன், மேலே சொன்ன டெஸ்ட்ராயரைவிட நீளம், எடை மூன்றரை மடங்குக்கும் மேல். அது கூடப் போனால்தான் மற்றவை வாரக்கணக்கில் கடலில் நிற்கமுடியும், ஓடிக்கொண்டே குழாய் வழியாக எண்ணெய் கொடுக்கும். ஐஎன்எஸ் ஜலஷ்வாவும் அப்படி. அமெரிக்கக் கடற்படையிடமிருந்து 2007இல் வாங்கிய பழைய கப்பல், 2020 கொரோனா நேரத்தில் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் நம் ஆட்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஏவுகணையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

எந்தக் கப்பல் எங்கே இருக்கும்

மேற்குக் கட்டளையகத்தின் தலைமையிடம் மும்பை, கிழக்குக்கு விசாகப்பட்டினம், தெற்குக்குக் கொச்சி, அது பயிற்சிக்கானது. அந்தமானில் முப்படையும் சேர்ந்த தனிக் கட்டளையகம். ஆகவே மும்பையில் பார்ப்பது பெரும்பாலும் மேற்குப் படை. கமோர்ட்டா வகைக் கார்வெட்டுகள், ஜலஷ்வா போன்றவை கிழக்கில் என்பதால் அவற்றுக்காக இங்கே காத்திருக்காதீர்கள். ஆனால் இதுவும் நிலையில்லை, கப்பல்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஐஎன்எஸ் மும்பையே 2023 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு மாறிப்போனது.

கைபேசியில் கப்பல் தேடும் செயலிகள் சரக்குக் கப்பலுக்கும் படகுக்கும் நன்றாக வேலை செய்யும். போர்க்கப்பல் பெரும்பாலும் அந்த அடையாள சமிக்ஞையை அனுப்பாது, அனுப்பினாலும் பெயர் இருக்காது. அதை நம்பி உட்காராதீர்கள்.

சேர்ந்த தேதி எது?

பட்டியல் எழுதத் தொடங்கியதும் வரும் பெரிய குழப்பம் தேதி. ஒரு கப்பலுக்கு நாலைந்து பிறந்தநாள். முதலில் கட்டத் தொடங்குவது, பிறகு கடலில் இறக்குவது. கடலில் இறங்கும்போது அது வெறும் இரும்புக் கூடுதான், உள்ளே எஞ்சினும் மின்கம்பியும் ஆயுதமும் பொருத்த வருஷங்கள் ஆகும். அப்புறம் கடல் சோதனை, கடற்படையிடம் ஒப்படைப்பு, கடைசியில் முறைப்படி சேர்ப்பது. சேர்த்த பிறகுதான் ஐஎன்எஸ்.

சூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மஸகான் டாக்கில் 2022 மே 17 அன்று கடலில் இறக்கினார்கள், 2024 டிசம்பர் 20 அன்று ஒப்படைத்தார்கள், 2025 ஜனவரி 15 அன்று பிரதமர் மும்பைத் தளத்தில் சேர்த்துவைத்தார், அதே நாளில் நீலகிரியும் வாக்ஷீரும் சேர்ந்தன. சூரத் இறங்கிய அதே மே 17இல் உதயகிரியும் இறங்கியது, ஆனால் அது சேர்ந்தது 2025 ஆகஸ்ட் 26, விசாகப்பட்டினத்தில். விக்ராந்த் 2013 ஆகஸ்டில் இறங்கி 2022 செப்டம்பரில் சேர்ந்தது, ஒன்பது வருஷம். செய்தியில் "புதிய போர்க்கப்பல்" என்று பார்த்தால் எந்தக் கட்டத்தைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள், ஒரே கப்பலுக்கு மூன்று முறை அப்படித் தலைப்பு வரும். அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிடும் அறிவிப்பை மட்டும் வைத்து எழுதினால் தப்பு வராது.

வெளியேறுவதையும் குறித்துவையுங்கள். குக்ரி என்ற கார்வெட் 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது, அதன் வகுப்பைச் சேர்ந்த கிர்பானை 2023இல் வியட்நாமுக்கு அப்படியே கொடுத்துவிட்டார்கள். பழைய பட்டியல்களில் இரண்டும் இருக்கும். பட்டியலில் இருப்பதாலேயே கடலில் ஓடுகிறது என்றும் அர்த்தமில்லை: 2024 ஜூலையில் மும்பைத் தளத்தில் பழுதுபார்ப்பில் இருந்த பிரம்மபுத்திராவில் தீப்பிடித்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஒரு மாலுமி இறந்தார். பெயர் பட்டியலை விட்டுப் போகவில்லை.

சரி, எப்படிப் போவது

எளிய வழி கேட்வேயிலிருந்து எலிஃபண்டா குகைத் தீவுக்குப் போகும் படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மாட்டுங்கா, சயான் ஆட்கள் மத்திய ரயிலில், செம்பூர், வடாலா, ஆன்டாப் ஹில் ஆட்கள் ஹார்பர் ரயிலில் சிஎஸ்எம்டி வந்து அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ. போகும்போது இடது பக்கம், மேல்தளத்தில் உட்காருங்கள், மேலே போகச் சின்னக் கட்டணம் தனியாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். தளம் இடது பக்கம்தான் விரியும், திரும்பும்போது வலது. திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை, அன்று போகாதீர்கள்.

இன்னும் நல்ல வழி மஸகானில் இருக்கும் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வா போகும் ரோ-ரோ கப்பல். பெரியது, ஆடாது, காரையும் ஏற்றிக்கொள்ளும். துறைமுகத்தின் நீளம் முழுக்கத் தெற்கு நோக்கிப் போவதால் வலது பக்கம் நகரமும் சரக்குத் துறைகளும் கடற்படைத் தளமும் வரிசையாக வரும். கீழே இறங்காமல் அதே டிக்கெட்டில் திரும்பமுடியாது, மாண்ட்வாவில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஹார்பர் பாதையில் டாக்யார்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் தக்காவும் கிட்டே, மஸகான் டாக்கும் கிட்டே, நிலையத்தை ஒட்டிய குன்றின் மேல் ஜோசப் பாப்டிஸ்டா பூங்காவும் இருக்கிறது.

நேரம் முக்கியம். துறைமுகம் நகரத்துக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் கரையிலிருந்து பார்த்தால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், கப்பலெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நிழலுருவம் பழக அது நல்லது. கரையிலிருந்து எண் படிக்கவேண்டும் என்றால் மூன்று மணிக்கு மேல் போங்கள், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மழைக்காலத்தில் கேட்வேயின் சின்னப் படகுகள் பல நின்றுவிடும், அக்டோபரிலிருந்து பார்க்கலாம்.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் போடவில்லை என்றாலும். 2024 டிசம்பர் 18 அன்று எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு ஒன்று கட்டுப்பாடிழந்து எலிஃபண்டா போய்க்கொண்டிருந்த நீல்கமல் என்ற பயணிகள் படகில் மோதி, பதினைந்து பேர் இறந்தார்கள். இதே தண்ணீரில்தான்.

உள்ளே போய்ப் பார்க்க ஒரே வாய்ப்பு கடற்படை வாரம். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கிய நாள்தான் கடற்படை நாள், அதை ஒட்டிய வாரங்களில் சில கப்பல்களைப் பொதுமக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறப்பார்கள், கேட்வேயில் இசை அணிவகுப்பு நடக்கும், இரவில் கப்பல்களுக்கு விளக்குப் போடுவார்கள். எந்தக் கப்பல், எந்த நாள் என்பதெல்லாம் அந்தந்த வருஷ அறிவிப்பில்தான் வரும். அடையாள அட்டையின் அசல் கொண்டுபோங்கள், வரிசை நீளமாக இருக்கும், பையைக் கொண்டுபோகாதீர்கள்.

மும்பையில் இப்போது அருங்காட்சியகக் கப்பல் கிடையாது. பழைய விக்ராந்த் இருந்தது, 2014இல் உடைத்துவிட்டார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் மோட்டார் சைக்கிளாகி ஊரெல்லாம் ஓடியது, கொஞ்சம் லயன் கேட் எதிரே நினைவுச் சின்னமாக நிற்கிறது. தொட்டுப் பார்க்கவேண்டும் என்றால் வெளியூர்தான்: விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கி, கார்வாரில் சபல் ஏவுகணைப் படகு, டையூவில் ஓய்வுபெற்ற குக்ரி. மூன்றில் ஒன்றுக்குத்தான் போகமுடியும் என்றால் குர்சுராவுக்குப் போங்கள், ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை உள்ளேயே நடந்து வெளியே வரலாம். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும்.